கற்கும் மூளை எதையெல்லாம் அடக்குகிறது? தடுப்புச் செல்கள் பற்றி ஓர் எளிய விளக்கம்

மனித மூளையில் 10 சதவீதத்தை மட்டுமே நாம் பயன்படுத்துகிறோம் என்ற கதையைக் கேட்காதவர்கள் குறைவு. நினைவாற்றல் பயிற்சி வகுப்புகளின் விளம்பரங்களும், தன்னம்பிக்கை மேடைகளும் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லி, மீதமுள்ள 90 சதவீதத்தையும் முடுக்கிவிட்டால் நாம் எங்கோ போய்விடுவோம் என்று ஆசை காட்டுகின்றன. எவ்வளவு அதிகமாக நரம்புச் செல்கள் இயங்குகின்றனவோ அவ்வளவு கூர்மையாக அறிவும் நினைவும் இருக்கும் என்ற எண்ணமே இந்தப் பேச்சுக்கெல்லாம் அடித்தளம். உண்மையில் மூளையின் எல்லாப் பகுதிகளையும் நாம் பயன்படுத்துகிறோம். ஆனால் ஏதேனும் ஒரு கணத்தில் மும்முரமாக இயங்கும் செல்கள் சிறு பகுதிதான். அவ்வாறு சிலவே இயங்குமாறு மூளை பெரும் முயற்சி எடுத்துப் பார்த்துக்கொள்கிறது. பெருந்திரளான செல்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து துடிக்கத் தொடங்கினால் விளைவது மேதைமையாக இருக்காது, வலிப்பாகவே இருக்கும்.

அந்த முயற்சியைச் செய்பவை தடுப்புச் செல்கள், அதாவது தம்மோடு தொடர்புள்ள பிற நரம்புச் செல்களின் இயக்கத்தைக் குறைக்கும் நரம்புச் செல்கள். இவற்றைப் பற்றிப் பேச்சு எழும்போது, மூளையை மந்தமாக்கும், உறங்கவைக்கும், மறக்கவைக்கும் ஒரு பொறியமைப்பு என்பதாகவே பலரும் புரிந்துகொள்கிறார்கள். அந்தப் புரிதல் முழுப் பொய்யும் இல்லை. ஆனால் அதோடு நின்றுவிட்டால், கற்றல் எப்படி நடக்கிறது என்பதன் பாதிக் கதை விடுபட்டுவிடும்.

மடையை அடைப்பவர்

வாய்க்கால் பாசனத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஒரே வாய்க்காலில் வரிசையாகப் பல மடைகள் இருக்கின்றன. எல்லா மடைகளையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் எல்லா வயலிலும் கொஞ்சம் ஈரம் படுமே தவிர எந்த வயலும் நிறையாது. கடைமடைக்குச் சொட்டு நீரும் போய்ச் சேராது. ஆகவே முறை வைத்து நீர் பாய்ச்சுபவர், மண்வெட்டியோடு வரப்பில் நடந்து, மற்ற மடைகளை அடைத்துவிட்டு ஒரு மடையை மட்டும் திறக்கிறார். ஒரு வயலில் நீர் நிறைவதற்கு, திறந்த மடை எவ்வளவு காரணமோ அதே அளவுக்கு அடைபட்ட மடைகளும் காரணம்.

மூளையிலும் ஒரு செய்தி குறிப்பிட்ட செல்களுக்குள் ஆழமாகப் பதிவதற்கு, அதே செய்தியை ஏற்கத் தயாராக இருக்கும் மற்ற செல்கள் அடக்கப்பட வேண்டியிருக்கிறது. ஆனால் உவமை இந்த இடத்தோடு நிற்கட்டும். மடையை அடைப்பவர் வெளியிலிருந்து வரும் மனிதர். மூளையில் அப்படி மேற்பார்வையாளர் எவரும் இல்லை. அடைக்கும் செல்களும் அதே வலையின் உறுப்புகளே. அவையும் மற்ற செல்களால் தூண்டப்படுகின்றன, தடுக்கப்படுகின்றன, அனுபவத்தால் மாறவும் செய்கின்றன. வேகமும் வேறு: இங்கே திறப்பதும் அடைப்பதும் விநாடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரத்துக்குள் நடந்து முடிகின்றன.

செல்லின் சவ்வில் நடப்பது என்ன?

நரம்புச் செல் ஒவ்வொன்றின் சவ்வுக்கும் உள்ளும் புறமும் ஒரு சிறு மின்னழுத்த வேறுபாடு உண்டு. செல் ஓய்வில் இருக்கும்போது உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் எதிர்மின் தன்மையோடு இருக்கும். பிற செல்களிலிருந்து வரும் தூண்டல்களால் இந்த வேறுபாடு குறைந்து, ஏறத்தாழ 50 அல்லது 55 மில்லிவோல்ட் என்ற எல்லையைத் தொட்டால், செல் ஒரு மின்துடிப்பை எழுப்பி அதைத் தன் நீண்ட இழை வழியாக அடுத்த செல்களுக்கு அனுப்பும். இழையின் நுனி அடுத்த செல்லைச் சந்திக்கும் நுண்ணிய இணைப்புக்கு சினாப்ஸ் என்று பெயர். அங்கே மின்துடிப்பு ஒரு வேதிப்பொருளை வெளியேற்ற, அந்த வேதிப்பொருளே அடுத்த செல்லிடம் செய்தியைச் சேர்க்கிறது.

மூளையில் பெரும்பாலான சினாப்ஸ்களில் வெளியேறும் வேதிப்பொருள் குளூட்டமேட். அது நேர்மின் அயனிகளை உள்ளே விட்டு, அடுத்த செல்லைத் துடிப்பின் எல்லையை நோக்கித் தள்ளுகிறது. தடுப்புச் செல்கள் வெளியேற்றுவது பெரும்பாலும் காபா என்ற வேதிப்பொருள். அது குளோரைடு அயனிகளுக்கான வாயில்களைத் திறக்கிறது. எதிர்மின் தன்மை கொண்ட குளோரைடு உள்ளே நுழையும்போது, செல் துடிப்பின் எல்லையிலிருந்து மேலும் விலகுகிறது. பல நேரங்களில் மின்னழுத்தம் சற்றும் மாறுவதில்லை. ஆனால் திறந்து கிடக்கும் வாயில்கள் வழியே, உள்ளே வரும் தூண்டல் மின்னோட்டம் பயன்படாமல் கசிந்துபோகிறது. இரண்டு வழியிலும் முடிவு ஒன்றுதான்: செல் துடிப்பதற்கு முன்னைவிட வலுவான காரணம் தேவைப்படுகிறது.

இதைக் கண்டறிய நீண்ட காலம் பிடித்தது. கையை மடக்கும் தசை சுருங்கும்போது நீட்டும் தசை தானாகத் தளர்வதை ஆராய்ந்த சார்லஸ் ஷெரிங்டன், தளர்வு என்பது நரம்பு மண்டலம் தீவிரமாகச் செய்யும் ஒரு செயல் என்று நிறுவினார். 1932-இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவருடைய மாணவரான ஜான் எக்கிள்ஸ், செல்களுக்கு இடையே செய்தி செல்வது மின்னோட்டத்தால்தான், வேதிப்பொருளால் இல்லை என்று பல ஆண்டுகள் வாதாடிவந்தவர். 1951-இல் நியூசிலாந்தின் டுனிடின் நகரில், பூனையின் தண்டுவட நரம்புச் செல்லுக்குள் நுண்ணிய மின்முனையைச் செலுத்தி அளந்தபோது, தடுப்புச் செய்தி வந்து சேர்ந்த கணத்தில் செல் கூடுதல் எதிர்மின் தன்மையை அடைவதை அவரே கண்டார். தன் கொள்கை சொன்னதற்கு நேர்மாறான விளைவு அது. எக்கிள்ஸ் தயங்காமல் கட்சி மாறினார். அறிவியல் வரலாற்றில் இவ்வளவு வெளிப்படையாகத் தோல்வியை ஒப்புக்கொண்டவர்கள் அதிகம் இல்லை.

காபா மூளையில் இருப்பது 1950-இல் தெரியவந்தது. அது தடுப்பு வேலையைச் செய்கிறது என்ற தடயம், மூளையிலிருந்து பிரித்தெடுத்த ஒரு சாறு நன்னீர் இறாலின் நரம்புச் செல்லை அடக்குவதைக் கண்ட எர்ன்ஸ்ட் ஃப்ளோரியின் சோதனைகளில் கிடைத்தது. அந்தச் சாற்றின் செயல்மிகு பொருள் காபாவே என்று 1957-இல் அவரும் அவருடைய சகாக்களும் அறிவித்தார்கள். காபாவைச் செல்கள் குளூட்டமேட்டிலிருந்தே செய்துகொள்கின்றன. அந்த வேதிமாற்றத்துக்கு வைட்டமின் பி6 வேண்டும். 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில், தயாரிப்பின்போது ஏற்பட்ட கடும் சூட்டால் இந்த வைட்டமின் அழிந்துபோன புட்டிப்பாலைக் குடித்த கைக்குழந்தைகளுக்கு வலிப்பு வந்தது. பி6 கொடுத்தவுடன் நின்றது. தூண்டும் பொருளும் தடுக்கும் பொருளும் ஒரே வேதிமாற்றத்தின் இரு முனைகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: தூண்டு செல்கள் அடுத்த செல்லைத் துடிப்பை நோக்கித் தள்ளுகின்றன, தடுப்புச் செல்கள் காபாவின் துணையால் அதைக் கடினமாக்குகின்றன. மூளையின் வெளியடுக்கான மேற்புறணியில் ஐந்து செல்களுக்கு ஒன்று அல்லது அதற்கும் குறைவாகவே தடுப்புச் செல்கள் உள்ளன என்றாலும், அவற்றின் கிளைகள் அருகிலுள்ள நூற்றுக்கணக்கான செல்களைத் தொடுவதால், எண்ணிக்கையைக் கடந்த செல்வாக்கு அவற்றுக்கு உண்டு.

சிலர் மட்டும் பேசினால்தான் கேட்கும்

கற்றலுக்கு வருவோம். பழ ஈயின் மூளையில், மணங்களைக் கற்றுக்கொள்ளும் பகுதியில் பக்கத்துக்கு ஏறத்தாழ 2,000 செல்கள் இருக்கின்றன. ஒரு மணம் வரும்போது அவற்றில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து செல்கள் மட்டுமே துடிக்கின்றன. மற்றவை மௌனமாக இருக்கின்றன. இந்த மௌனத்துக்குப் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் ஒரே ஒரு மிகப்பெரிய தடுப்புச் செல்லே முதன்மைக் காரணம். அது அந்த 2,000 செல்களிடமிருந்தும் செய்தி பெற்று, அவை அனைத்துக்கும் காபாவைத் திருப்பி அனுப்புகிறது. மொத்த இயக்கம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு தடுப்பும் கூடுகிறது. ஆகவே மிக வலுவாகத் தூண்டப்பட்ட செல்கள் மட்டுமே தடையைத் தாண்டித் துடிக்கின்றன.

ஆக்ஸ்ஃபோர்டில் கெரோ மீசன்பாக்கின் ஆய்வுக்குழு 2014-இல் வெளியிட்ட ஆய்வில் இந்த ஒரு செல்லின் வேலையை நிறுத்திப் பார்த்தார்கள். மின்னதிர்ச்சியோடு இணைத்து ஒரு மணத்தைப் பழக்கினால் ஈ அந்த மணத்தைத் தவிர்க்கக் கற்றுக்கொள்ளும். தடுப்புச் செல் நிறுத்தப்பட்ட ஈக்களும் கற்றுக்கொண்டன. முற்றிலும் வேறுபட்ட இரு மணங்களை அவை எப்போதும்போல் பிரித்தறிந்தன. ஆனால் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமான மணங்களைக் கொடுத்தபோது தடுமாறின. காரணம் தெளிவு. தடுப்பு இல்லாதபோது ஒவ்வொரு மணத்துக்கும் மிகுதியான செல்கள் துடிக்கின்றன. இரு மணங்களுக்குமான செல் கூட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று படிந்துவிடுகின்றன. ஒன்றைப் பற்றிக் கற்ற பாடம் மற்றொன்றின் மேலும் ஒட்டிக்கொள்கிறது.

இந்தச் சோதனை எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகவும் பிடித்தமானது. ஏனெனில் தடுப்பை நீக்கினால் கற்றல் அழிந்துவிடும் என்று எளிதாக முடிவுகட்ட அது இடம் கொடுப்பதில்லை. கற்றல் இருக்கிறது. பிரித்தறியும் திறன்தான் போய்விடுகிறது.

பாலூட்டிகளிலும் இதே ஏற்பாடு உண்டு. புதிய நிகழ்வுகளை நினைவில் பதிப்பதற்கு இன்றியமையாத ஹிப்போகாம்பஸ் என்ற பகுதிக்குள் செய்தி நுழையும் வாசலில் உள்ள செல்கள் மிகுந்த தடுப்புக்கு ஆட்பட்டு, அவற்றில் மிகச் சிலவே ஒரு நேரத்தில் துடிக்கின்றன. ஒரு நிகழ்வின்போது துடித்து, பின் அந்த நிகழ்வின் நினைவைத் தாங்கும் செல் கூட்டத்தை நினைவுத்தடம் என்று அழைக்கிறார்கள். எலிகளில் அந்த வாசலிலுள்ள ஒருவகைத் தடுப்புச் செல்களை அடக்கியபோது நினைவுத்தடத்தில் சேரும் செல்களின் எண்ணிக்கை பெருகியதை 2016-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. நினைவு எத்தனை செல்களில் இடம்பிடிக்க வேண்டும் என்பதில் தடுப்புச் செல்களுக்கும் பங்கு இருக்கிறது.

சிக்கனமும் இதில் அடங்கியிருக்கிறது. உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வில் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு மின்துடிப்புக்கும் விலை உண்டு; எல்லாச் செல்களும் மும்முரமாகத் துடிப்பதற்கான வருமானம் உடலுக்கு இல்லை.

தடையைத் தடுத்தால் கதவு திறக்கும்

இங்கிருந்து கதை சற்றுச் சிக்கலாகிறது. ஆனால் சுவையும் இங்கேதான் கூடுகிறது. தடுப்பு எப்போதும் ஒரே அளவில் இருந்தால் மூளையால் புதிதாக எதையும் கற்க முடியாது. ஏனெனில், இரண்டு செல்களுக்கு இடையிலான சினாப்ஸ் வலுப்பெறுவதற்கு, ஏற்கும் செல் நன்றாகத் தூண்டப்பட்ட நிலையில் இருக்க வேண்டும். டிமோத்தி பிளிஸ், டேரியே லோமோ இருவரும் ஆஸ்லோவில் முயல்களின் ஹிப்போகாம்பஸில் கண்டு 1973-இல் வெளியிட்ட நீடித்த வலுவேற்றம், அதாவது மும்முரமான பயன்பாட்டுக்குப் பிறகு சினாப்ஸ் நெடுநேரம் வலுவாகவே இருப்பது, நினைவின் அடிப்படைப் பொறிமுறை என இன்று பரவலாகக் கருதப்படுகிறது. காபாவின் வாயிலை மருந்தால் அடைத்தால் இந்த வலுவேற்றம் எளிதாக நிகழ்கிறது. அப்படியென்றால் தடுப்பு கற்றலுக்கு எதிரி என்று ஆகாதா?

ஆகாது. தேவைப்படும் இடத்தில், தேவைப்படும் நொடியில் மட்டும் தடுப்பு விலகினால் போதும். மூளை அதைச் செய்யும் விதம் நேர்த்தியானது: தடுப்புச் செல்களைத் தடுக்கும் வேறு தடுப்புச் செல்களை அது வைத்திருக்கிறது. தடையின் மேல் தடை விழுந்தால், அடக்கப்பட்டிருந்த செல் விடுபடுகிறது. இதைத் தடைநீக்கம் என்று அழைப்போம்.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஆண்ட்ரியாஸ் லூத்தியின் குழு 2011-இல் வெளியிட்ட ஆய்வில், சுண்டெலிகளுக்கு ஒரு ஒலியைக் கேட்கவைத்து உடனே பாதத்தில் சிறு மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். அதிர்ச்சியின்போது அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள், மேற்புறணியில் ஒலியைக் கையாளும் பகுதியான செவிப்புலப் புறணியில் வெளியாகி, புறணியின் மேலடுக்கிலுள்ள தடுப்புச் செல்களை எழுப்பியது. அவை கீழே உள்ள, செல் உடலைச் சுற்றிப் பின்னிப் பிடித்துக்கொள்ளும் மற்றொரு வகைத் தடுப்புச் செல்களை அடக்கின. அவை அடங்கியதும், ஒலியை ஏற்கும் தூண்டு செல்கள் கட்டு அவிழ்ந்ததுபோல் துடித்தன. அதிர்ச்சி நீடிக்கும் அந்தச் சிறுபொழுதில் மட்டும் இந்தத் தடைநீக்கத்தைக் குலைத்தபோது, ஒலிக்கும் அதிர்ச்சிக்கும் உள்ள தொடர்பைச் சுண்டெலிகள் சரியாகக் கற்கவில்லை. "இது முக்கியம், இப்போது பதிவு செய்" என்ற கட்டளை, ஒரு தடுப்புச் செல் மற்றொன்றின் வாயை அடைப்பதன் வழியாகவே அங்கே போய்ச் சேருகிறது.

தடுப்புச் செல்களில் பல வகைகள் உண்டு. ஆய்வாளர்கள் அவற்றை அவற்றுள் இருக்கும் புரதங்களைக் கொண்டு பெயரிடுகிறார்கள். நமக்குப் பெயர்களைவிட அவை பிடிக்கும் இடம்தான் முக்கியம். ஒருவகை, தூண்டு செல்லின் உடலைச் சுற்றிப் பிடித்து, அது எப்போது துடிக்கலாம் என்பதைக் கட்டுப்படுத்துகிறது. இரண்டாம் வகை, செல்லின் கிளைகளைப் பிடித்து, எந்தச் செய்தி உள்ளே வரலாம் என்பதைக் கட்டுப்படுத்துகிறது. மூன்றாம் வகை பெரும்பாலும் இரண்டாம் வகையை அடக்குகிறது. பரிசோ தண்டனையோ கிடைக்கும்போது அது துடிப்பதை 2013-இல் சுண்டெலிகளின் செவிப்புலப் புறணியில் கண்டார்கள்.

ஆகவே கற்றலில் தடுப்பின் பங்கை இரண்டாகச் சொல்லலாம்: பதிவில் இடம்பெறும் செல்களைச் சுருக்குவது ஒன்று, பதிவுக்குரிய நேரம் வந்ததும் குறிப்பிட்ட இடத்தில் விலகிக்கொள்வது மற்றொன்று.

தாளமும் ஒத்திசைவும்

செல் உடலைப் பிடிக்கும் முதல் வகைத் தடுப்புச் செல்கள் மிக வேகமாகத் துடிப்பவை. அவை ஒன்றாக அடக்கி ஒன்றாக விடும்போது, ஆயிரக்கணக்கான தூண்டு செல்கள் அந்த இடைவெளியில் ஒன்றுசேர்ந்து துடிக்கின்றன. விநாடிக்கு 30 முதல் 80 முறை எழும், காமா அலைகள் எனப்படும் மூளை மின்னலைகள் இப்படித்தான் உருவாகின்றன. ஒன்றுசேர்ந்து வந்துசேரும் துடிப்புகளே அடுத்த செல்லை எல்லையைத் தாண்டச் செய்கின்றன; எனவே இந்த அலை கற்றலுக்கு உதவுகிறது.

ஹிப்போகாம்பஸில் இதைவிட வேகமான சிற்றலைகள் உண்டு. எலி ஓர் இடத்தைச் சுற்றிவந்துவிட்டு உறங்கும்போது, விநாடிக்கு 150-க்கும் மேற்பட்ட அதிர்வுகள் கொண்ட சிறு வெடிப்புகளாக அவை எழுகின்றன. விழித்திருந்தபோது துடித்த செல்களின் வரிசை அந்தச் சிறு நேரத்துக்குள் சுருக்கமாக மீண்டும் ஓடுகிறது. பாரிஸில் 2009-இல் வெளியான ஆய்வில், எலிகள் உறங்கும்போது இந்தச் சிற்றலைகளை மட்டும் குலைத்தபோது, அவை இடங்களைக் கற்பதில் பின்தங்கின. இந்த வரிசையைக் குழம்பாமல் ஓடவிடுவதிலும் தடுப்புச் செல்களின் நேரக்கணக்குக்குப் பங்குண்டு.

கற்கும் பருவத்தின் திறப்பும் அடைப்பும்

பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணைச் சில வாரங்கள் மூடிவைத்தால், கண்ணில் எந்தக் கோளாறும் இல்லாதபோதும், அந்தக் கண்ணின் செய்திக்குப் பார்வைப் புறணி பதிலளிக்காமல் போய்விடுகிறது என்று டேவிட் ஹ்யூபல், டார்ஸ்டன் வீசல் இருவரும் 1960-களில் காட்டினார்கள்; வளர்ந்த பூனையில் அப்படி நடப்பதில்லை. அனுபவம் மூளையை ஆழமாக மாற்றும் இந்தக் குறுகிய காலத்துக்கு உணர்திறன் பருவம் என்று பெயர். குழந்தைகளின் சோம்பேறிக் கண்ணுக்கும் பிறவிக் கண்புரைக்கும் காலம் தாழ்த்தாமல் மருத்துவம் செய்ய வேண்டும் என்று கண் மருத்துவர்கள் வலியுறுத்துவதன் பின்னணி இதுதான்.

அந்தப் பருவத்தைத் தொடங்கிவைப்பது எது? டக்காவோ ஹென்ஷும் சகாக்களும் 1998-இல் வெளியிட்ட ஆய்வின் விடை பலருக்கும் வியப்பளித்தது. காபாவைத் தயாரிக்கும் நொதிகளில் ஒன்று இல்லாதவாறு மரபணு மாற்றப்பட்ட சுண்டெலிகளில் இந்தப் பருவம் தொடங்கவே இல்லை. ஒரு கண்ணை மூடினாலும் புறணி மாறவில்லை. காபாவின் வேலைக்கு வலுவூட்டும் டயசிபாம் என்ற மருந்தைப் பார்வைப் புறணிக்குள் செலுத்தியபோது மாற்றம் நிகழ்ந்தது. பிறர் அமைதிக்காக விழுங்கும் ஒரு மாத்திரை, அந்தச் சுண்டெலிகளுக்குக் கற்கும் வாசலைத் திறந்துவிட்டது. தடுப்புச் செல்கள் ஓரளவு முதிர்ந்த பிறகே, இரு கண்களிலிருந்தும் வரும் செய்திகளை ஒப்பிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் ஆற்றல் வலைக்கு வருகிறது என்பது இதற்கான விளக்கம்.

பருவம் முடிவதிலும் இதே செல்களுக்குத் தொடர்புண்டு. வயது ஏறும்போது, வேகமாகத் துடிக்கும் தடுப்புச் செல்களைச் சுற்றிச் சர்க்கரையும் புரதமும் கலந்த ஒரு வலை கெட்டிப்படுகிறது. வளர்ந்த எலிகளில் அந்த வலையை ஒரு நொதியால் கரைத்தபோது பார்வைப் புறணி மீண்டும் மாறத்தக்கதாயிற்று என்று இத்தாலிய ஆய்வாளர்கள் 2002-இல் அறிவித்தார்கள்.

அடங்கிய அச்சம் எங்கே போகிறது?

ஒலியைக் கேட்டு அஞ்சக் கற்ற எலிக்கு, அதிர்ச்சி இல்லாமல் ஒலியை மட்டும் பலமுறை ஒலித்துக் காட்டினால் அச்சம் அடங்குகிறது. பழைய நினைவு அழிந்துவிட்டது என்று எண்ணத் தோன்றும். ஆனால் நாய்களின் உமிழ்நீர்ச் சோதனைகளில் இவான் பாவ்லோவ் முன்பே கவனித்ததுபோல, அடங்கிய பழக்கம் சில காலம் கழித்துத் தானாகத் திரும்பி வருகிறது. ஆகவே பழையது அழியவில்லை. அதற்கு மேல் புதிதாக ஒரு தடுப்பு கற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறது. அச்சத்தைக் கையாளும் அமிக்டலா என்ற பகுதியில், அச்சத்தின் வெளிவாசலை மறித்து நிற்கும் சிறு தடுப்புச் செல் கொத்துகள் இருக்கின்றன. நெற்றிப்புற மூளையின் ஒரு பகுதி அவற்றைத் தூண்டி அச்சத்தை அடக்குகிறது என்று எலிகளில் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. அச்சம் தரும் பொருளைப் பாதுகாப்பான சூழலில் படிப்படியாக எதிர்கொள்ளச் செய்யும் உளவியல் சிகிச்சை பயன் தருவதற்கும், வேறொரு சூழலில் பழைய அச்சம் சிலருக்குத் திரும்பிவிடுவதற்கும் காரணம் இந்த ஏற்பாடே.

வேண்டாத நினைவை நாமே முயன்று ஒதுக்கும்போதும் இத்தகைய ஒன்று நடக்கிறது. நினைவு ஆய்வாளர் மைக்கேல் ஆண்டர்சன் பங்கேற்ற 2017-ஆம் ஆண்டு ஆய்வில், ஹிப்போகாம்பஸில் காபா மிகுதியாக இருந்தவர்கள் வேண்டாத நினைவுகளை ஒதுக்குவதில் சிறந்து விளங்கினார்கள். இது ஒரு தொடர்பைக் காட்டுகிறதே தவிர, காபாதான் காரணம் என்று அதைக்கொண்டு மட்டும் முடிவுகட்ட இயலாது.

சிறுமூளை: கற்கும் தடுப்புச் செல்

இதுவரை தடுப்புச் செல்கள் கற்றலுக்குத் துணைசெய்வதையே பார்த்தோம். சிறுமூளையில் கற்பதே ஒரு தடுப்புச் செல்தான். மனித மூளையின் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புச் செல்களில் பெரும்பாலானவை சிறுமூளையில் இருக்கின்றன. ஆனால் சிறுமூளைப் புறணியிலிருந்து வெளியே செல்லும் செய்தி முழுவதையும் அனுப்புபவை பர்கிஞ்சி செல்கள் என்ற ஒரே வகைச் செல்கள். அவை அனுப்புவது தடுப்பு மட்டுமே என்று 1960-களில் ஜப்பானின் மசாவோ இட்டோ கண்டறிந்தார்.

ஒரு பர்கிஞ்சி செல்லுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மெல்லிய இழைகளிலிருந்து செய்தி வருகிறது. கூடவே தவறைச் சுட்டிக்காட்டும் ஒற்றை இழை ஒன்று அதைச் சுற்றிப் படர்ந்திருக்கிறது. மெல்லிய இழைகளும் ஒற்றை இழையும் ஒன்றாகத் துடிக்கும்போது, மெல்லிய இழைகளின் சினாப்ஸ்கள் வலுவிழக்கின்றன என்று இட்டோவின் குழு 1982-இல் காட்டியது. ஓர் ஒலிக்குப் பிறகு கண்ணில் காற்று ஊதப்படும் என்று பழகிய விலங்கு, காற்று வருவதற்குச் சற்று முன்பே கண்ணை மூடிக்கொள்கிறது. அந்தக் கணத்தில் அதன் பர்கிஞ்சி செல்கள் துடிப்பதை நிறுத்துகின்றன; அவை வாய்மூடியதால் விடுபட்ட கீழுள்ள செல்கள் இமையை மூடுகின்றன. சைக்கிள் ஓட்டும்போதும் வீணை மீட்டும்போதும் நமக்குக் கைவரும் நேர்த்தியில், இவ்வாறு உரிய கணத்தில் மௌனமாகக் கற்ற தடுப்புச் செல்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

மாத்திரைகளைப் பற்றி

அளவுதான் எல்லாம் என்பதை மருந்துகள் காட்டுகின்றன. டயசிபாம், லோரசிபாம், மிடசோலம் ஆகிய மருந்துகள் காபாவின் வேலையை வலுப்படுத்துகின்றன. வலிப்பை நிறுத்த மருத்துவர்கள் நம்பும் மருந்துகள் இவை. அறுவை சிகிச்சைக்கு முன் மிடசோலம் பெற்றவர், மருத்துவரோடு தெளிவாகப் பேசியிருந்தாலும், அந்த உரையாடலைப் பின்னர் நினைவுகூர முடியாமல் போகலாம். மூளை முழுவதும் ஒரே சீராகத் தடுப்பைக் கூட்டினால் புதிய நினைவு பதியாது என்பதே இதன் பொருள். கடைகளில் விற்கும் காபா மாத்திரைகள் வேறு விஷயம்: இரத்தத்திலிருந்து மூளைக்குள் பொருள்கள் நுழைவதைக் கட்டுப்படுத்தும் அரணைக் காபா மிகக் குறைவாகவே கடக்கிறது. அவை நினைவாற்றலை வளர்க்கும் என்று சொல்வதற்கு நம்பத்தக்க அடிப்படை இல்லை.

தடுப்பு குறைந்தாலும் கேடுதான். டிராவெட் நோய்க்குறி என்ற கடுமையான குழந்தைப்பருவ வலிப்பு நோயில், பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு சோடிய வாயிலுக்கான மரபணு பழுதடைந்திருக்கிறது. வலிப்பென்றால் அந்த வாயில் அதிகமாகத் திறந்திருக்கும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் அது குறைவாகவே வேலை செய்கிறது. அந்தக் குறையால் பெரிதும் பாதிக்கப்படுபவை தடுப்புச் செல்கள் என்று 2006-இல் சுண்டெலிகளில் கண்டார்கள். அதனால்தான் மற்ற வலிப்புகளுக்குப் பயன்படும், சோடிய வாயிலை அடைக்கும் சில மருந்துகள் இந்தக் குழந்தைகளின் நிலையை மோசமாக்குகின்றன. இவர்களுக்கு வலிப்போடு கற்றல் குறைபாடும் சேர்ந்தே வருகிறது.

எதிர்த்திசையில், டவுன் நோய்க்குறியின் மாதிரியாக வளர்க்கப்படும் சுண்டெலிகளில் தடுப்பு மிகுதியாக இருப்பதாகத் தெரிந்தபின், காபாவின் வாயிலைச் சிறிதளவு அடைக்கும் மருந்துகள் அவற்றின் நினைவைச் சீராக்கியதாக 2007-இல் ஓர் ஆய்வு வெளியானது. அந்த எண்ணத்தைப் பின்பற்றி உருவான, காபா வாயிலின் ஒரு குறிப்பிட்ட வகையை மட்டும் குறிவைக்கும் ஒரு மருந்தை மனிதர்களுக்குக் கொடுத்துச் சோதித்தபோது, எதிர்பார்த்த முன்னேற்றம் கிடைக்கவில்லை. ஒரு மாத்திரை மூளையின் எல்லா இடங்களுக்கும் எல்லா நேரத்திலும் ஒரேபோல் சென்று சேர்கிறது. தடுப்புச் செல்களோ ஒவ்வொரு இடத்திலும், ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிக் கணக்கில், வெவ்வேறு வேலையைச் செய்கின்றன.